கலக்கும் முன் பிரித்தல்: ஆலைக் கழிவுநீரில் கரையும் முதலீடு

ஐதராபாத் நகரின் வடமேற்கே, மும்பை நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பட்டான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று 1994ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அந்நிலையத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வெளியேறிய நீரைச் சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோக்கிம் லார்சனும் அவருடைய குழுவினரும் சோதித்து, 2007ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு லிட்டர் நீரில் 28 முதல் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்து இருந்தது. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் குருதியில் காணப்படும் அளவைவிட இது மிகுதி.

அக்காலத்தில் சுமார் 90 ஆலைகளிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,500 கிலோலிட்டர் கழிவுநீர் அந்நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், ஒரே நாளில் வாய்க்காலில் சென்ற சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் 45 கிலோ அளவில் இருந்தது தெரியவரும். 500 மில்லிகிராம் மாத்திரைகளாகக் கணக்கிட்டால் தொண்ணூறாயிரம் மாத்திரைகள். சுவீடன் நாட்டு மக்கள் அனைவரும் ஐந்து நாள்களில் உட்கொள்ளும் அளவு அது என்று ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டினர்.

மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்கள் இத்தகைய நீரில் பெருகுவது பற்றி உலகெங்கும் பேசப்பட்டுவிட்டது. அந்த அச்சம் நியாயமானதே. தொழில் நடத்துவோரும் தொழிலுக்குக் கடன் வாங்குவோரும் இதே செய்தியை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அந்த 45 கிலோவும் விற்பனைக்காக உருவாக்கப்பட்ட பொருள். அதற்கான மூலப்பொருளை யாரோ நடைமுறை மூலதனக் கடனில் வாங்கியிருக்கிறார்கள். நீராவியும் மின்சாரமும் கூலியும் அதில் செலவாகியுள்ளன. அதைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்றால், பொது நிலையத்தின் வாசலில் இல்லை. அங்கு வந்து சேர்வதற்குள் தொண்ணூறு ஆலைகளின் அமிலங்களும் காரங்களும் உப்புகளும் கரைப்பான்களும் ஒரே தொட்டியில் கலந்துவிடுகின்றன. ஆலைக் கழிவுநீர் மறுசுழற்சியில் பயில வேண்டிய முதற்பாடம் இந்தக் கலப்பைப் பற்றியதே.

பட்டான்செரு வந்த வழி

இந்தியாவின் மூலமருந்து உற்பத்தியில் ஐதராபாத்துக்கு இருக்கும் இடம் ஒரு பொதுத்துறை நிறுவனத்திலிருந்து தொடங்குகிறது. 1961ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஐ.டி.பி.எல். நிறுவனம், சோவியத் நாட்டின் உதவியுடன் இந்நகரில் செயற்கை மருந்து ஆலையை அமைத்தது. அங்கே பயின்ற வேதியியலாளர்கள் பலர் பின்னர் வெளியேறித் தனியே ஆலைகளைத் தொடங்கினர். டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தை 1984இல் தொடங்கிய அஞ்சி ரெட்டி அவர்களுள் ஒருவர். ஜீடிமெட்லா, பொல்லாரம், பட்டான்செரு, காசிப்பள்ளி எனத் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. கழிவு, நக்கவாகு என்னும் ஓடைக்குச் சென்றது. அவ்வோடையோ மஞ்சிரா ஆற்றில் கலப்பது. அந்த மஞ்சிராதான் 1960களிலிருந்து ஐதராபாத்துக்குக் குடிநீர் தரும் ஆறுகளில் ஒன்று.

கிணறுகளும் வயல்களும் கெட்டபின், 1990இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. பாதிக்கப்பட்ட உழவர்களுக்கு இழப்பீடு வழங்க ஆணைகள் பிறந்தன. சிறு ஆலைகள் தனித்தனியே சுத்திகரிப்பு அமைக்க இயலாது என்பதால் ஜீடிமெட்லாவிலும் பட்டான்செருவிலும் பொது நிலையங்கள் தோன்றின. செலவைப் பகிர்ந்துகொள்ளும் அந்த எண்ணத்தில் குறையொன்றும் இல்லை. செலவோடு சேர்த்துக் கழிவையும் ஒன்றாகக் கலந்ததுதான் பின்னர் தீராத தொல்லையாயிற்று. பொது நிலையத்தின் உயிர்வழிச் சுத்திகரிப்பு நுண்ணுயிர்களை நம்பியது. நுண்ணுயிர்களைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்ட மருந்தையும், அவை தாங்கமாட்டாத உப்பையும் அதே தொட்டிக்கு அனுப்பிவிட்டு நல்ல விளைவை எதிர்பார்ப்பது எப்படி?

ஒரு கிலோ மருந்தும் அதன் நிழலும்

மருந்துத் தொழிலில் கழிவு ஏன் இத்தனை மிகுதி என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ரோஜர் ஷெல்டன் என்னும் வேதியியலாளர் 1992இல் எளிய அளவுகோல் ஒன்றை முன்வைத்தார்: ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கழிவு? பெருமளவில் உற்பத்தியாகும் அடிப்படை வேதிப்பொருள்களில் இது ஐந்து கிலோவைத் தாண்டுவது அரிது. மருந்தில் 25 முதல் 100 கிலோ, சில வேளைகளில் அதற்கும் மேல். இந்தக் கணக்கில் பொதுவாகத் தண்ணீரைச் சேர்ப்பதில்லை.

மூலமருந்து ஒரே படியில் உருவாவதில்லை. ஐந்தாறு வினைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ வேண்டும். ஒவ்வொரு படியிலும் கரைப்பானில் கரைத்து, வினைப்படுத்தி, கழுவி, படிகமாக்கி, வடிகட்டி, உலர்த்த வேண்டும். ஆகவே மெத்தனால், அசிட்டோன், டொலுவீன், டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான்களே ஆலைக்குள் வரும் பொருள்களில் பெரும்பங்கு. இவை மருந்தின் பகுதியாவதில்லை. வேலை முடிந்ததும் வெளியேறுகின்றன. எனவே மீட்பைப் பற்றிய கணக்கைக் கரைப்பானிலிருந்தே தொடங்குவது முறை.

மீட்கும் வழி பழமையானது: காய்ச்சி வடித்தல். டைகுளோரோமீத்தேன் 40 பாகை செல்சியசிலும், அசிட்டோன் 56 பாகையிலும், மெத்தனால் 65 பாகை அளவிலும், டொலுவீன் 111 பாகை அளவிலும் கொதிக்கின்றன. கொதிநிலைகள் விலகியிருந்தால் கலவையைச் சூடேற்றி ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். ஆயினும் எல்லா இணைகளும் இவ்வாறு இணங்குவதில்லை. எத்தனாலையும் தண்ணீரையும் சாதாரண முறையில் எவ்வளவு வடித்தாலும், எடையில் 95.6 சதவீதம் எத்தனால் என்ற நிலையில் பிரிப்பு நின்றுவிடும். அந்த விகிதத்தில் ஆவியும் திரவமும் ஒரே கலவையாக இருப்பதே காரணம். அதற்கப்பால் செல்ல, நீர் மூலக்கூறுகளை மட்டும் பிடித்துவைக்கும் சல்லடைப் படிகங்களோ, நீரை மட்டும் கடத்தும் சவ்வுகளோ தேவை. ஒவ்வொன்றும் கூடுதல் செலவு. ஒரு தொட்டியில் இரண்டு கரைப்பான்களுக்குப் பதில் நான்கைக் கலந்துவிட்டால், பிரிக்கும் கோபுரங்களும் நீராவிச் செலவும் பெருகும்; ஒரு கட்டத்தில், பிரிப்பதைவிடச் சிமென்ட் ஆலையின் சூளைக்கு எரிபொருளாகக் கொடுத்துவிடுவதே மலிவாகிவிடும். பல ஆலைகள் அதைத்தான் செய்கின்றன. எரிப்பது குப்பையைக் குறைக்கும். வாங்கிய பொருளைத் திருப்பித் தராது.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஓர் ஆலையில் நாள்தோறும் 10,000 லிட்டர் கரைப்பான் புழங்குகிறது. எளிமைக்காக லிட்டர் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மீட்பு 80 சதவீதமாயின், நாள்தோறும் 2,000 லிட்டர் புதிதாக வாங்க வேண்டும். அதாவது இரண்டு லட்சம் ரூபாய். மீட்பு 90 சதவீதமாக உயர்ந்தால் கொள்முதல் 1,000 லிட்டராகக் குறையும். மீட்பில் பத்துப் புள்ளி ஏற்றம். கொள்முதலில் பாதி இறக்கம். ஆண்டுக்கு 300 வேலைநாள்கள் என்றால் மிச்சம் மூன்று கோடி. அழிக்கக் கொடுக்கும் கழிவும் அதே விகிதத்தில் குறையும். 90இலிருந்து 95க்கு உயர்ந்தால் எஞ்சியதில் மீண்டும் பாதி. மீட்புச் சதவீதத்தைப் பார்த்துத் திருப்தியடைவோர், மீளாத சதவீதத்தைப் பார்த்துக் கணக்கிடுவது நல்லது.

மீட்ட கரைப்பானை மருந்தில் பயன்படுத்தலாமா என்ற ஐயம் பொதுமக்களுக்கு எழுவது இயல்பு. மூலமருந்து உற்பத்திக்கான பன்னாட்டு நெறிமுறைகள் அதை அனுமதிக்கின்றன. மீட்கும் முறை கண்காணிக்கப்பட வேண்டும், மீண்ட பொருள் உரிய தரத்தில் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். இந்நிபந்தனை ஏட்டளவில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018ஆம் ஆண்டு உலகம் கண்டது. இரத்த அழுத்தத்துக்கான வால்சார்டன் மருந்தில், புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை எனக் கருதப்படும் நைட்ரோசமீன் மாசுகள் கண்டறியப்பட்டு, பல நாடுகளில் மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. தொடர்ந்து நடந்த ஆராய்ச்சியில், மாசு தோன்றும் வழிகளுள் ஒன்றாக மீட்கப்பட்ட கரைப்பான்களும் அடையாளம் காணப்பட்டன. ஒரு வினையில் பயன்பட்ட கரைப்பானை வேறு வினைகளின் கரைப்பானோடு கலந்து மீட்கும்போதும், பல ஆலைகளின் சரக்கை ஒரே கருவியில் வடிக்கும் வெளி நிறுவனங்களிடம் கொடுக்கும்போதும் இந்த ஆபத்து கூடுகிறது. எந்தப் படியில் எழுந்த கரைப்பானோ அதே படிக்கு அதைத் திருப்பி அனுப்பும் ஆலை, பாதுகாப்பிலும் செலவிலும் ஒருங்கே ஆதாயம் பெறுகிறது.

தண்ணீரின் கடைசிக் கால்பங்கு

கரைப்பான் பிரிந்த பின் எஞ்சுவது தண்ணீரும் அதில் கரைந்த உப்பும். இன்று தெலங்கானாவின் பெரிய மருந்து ஆலைகள் பலவற்றில், ஒரு துளியும் வெளியேறாத ‘பூஜ்ஜிய வெளியேற்ற’ அமைப்பு உண்டு. அதன் செயல்முறையை ஒரு நாள் கணக்காகப் பார்ப்போம்.

உப்புக் குறைந்த கழிவுநீர் 100 கிலோலிட்டர். லிட்டருக்கு நான்கு கிராம் உப்பு. நுண்ணுயிர்த் தொட்டியில் கரிமப் பொருள்கள் சிதைந்த பின் நீர் ஆர்.ஓ. சவ்வுகளுக்குச் செல்கிறது. 75 கிலோலிட்டர் நல்ல நீராக வெளிவருகிறது என்போம். இது மருந்துக்குள் செல்வதில்லை. குளிர்விப்புக் கோபுரத்துக்கும் கொதிகலனுக்கும் செல்கிறது. எஞ்சிய 25 கிலோலிட்டரில், வந்த உப்பு ஏறத்தாழ முழுவதும் அடங்கியுள்ளது. அதன் செறிவு நான்கு மடங்கு.

இதுவரை செலவு பெரிதன்று. ஒரு கிலோலிட்டரைச் சவ்வில் அழுத்திக் கடத்தச் சில யூனிட் மின்சாரம் போதும். மீதி 25 கிலோலிட்டரை ஆவியாக்க வேண்டும் என்னும்போது இயற்கையின் விதி குறுக்கே வருகிறது. கொதிநிலையை எட்டிய ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோலிட்டருக்கு அது 627 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான ஆற்றல். ஆகையால்தான் பல அடுக்கு ஆவியாக்கிகளை அமைக்கிறார்கள். முதல் கலனில் எழும் ஆவியே, அழுத்தம் குறைந்த இரண்டாம் கலனைச் சூடேற்றும். இரண்டாவதன் ஆவி மூன்றாவதை. மூன்று கலன்கள் இருந்தால் ஒரு டன் நீராவியைக் கொண்டு சுமார் இரண்டரை டன் நீரை ஆவியாக்கலாம். அப்படியும், மொத்த நீரில் கால்பங்கான இதுவே ஆற்றல் செலவின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது.

இங்கும் கலப்பின் தண்டனை உண்டு. கரைப்பானை முன்பே நீக்காமல் ஆவியாக்கிக்கு அனுப்பினால், அது நீராவியோடு எழுந்து, குளிர்ந்த நீரோடு மீண்டும் சேரும். அந்நீரைத் திரும்பவும் நுண்ணுயிர்த் தொட்டிக்கு அனுப்ப நேரும். உப்பு மிகுந்த கழிவைத் தனியே குழாயிட்டு நேராக ஆவியாக்கிக்கு அனுப்பாமல், குளிர்விப்புக் கோபுரத்தின் கழிவோடு சேர்த்துவிட்டாலோ, எளிதில் மீளக்கூடிய நீரும் கெட்டு ஆவியாக்கும் சுமை பெருகும். தனிக் குழாய்க்கும் தனித் தொட்டிக்கும் ஆகும் செலவு ஒருமுறைச் செலவு. நீராவிச் செலவு ஆலை இயங்கும் நாளெல்லாம் தொடர்வது.

இறுதியில் கிடைப்பது உலர்ந்த உப்பு. மேற்கண்ட கணக்கில் நாள்தோறும் 400 கிலோ. பல வினைகளின் சோடியம், அம்மோனியம், குளோரைடு, சல்பேட் எல்லாம் கலந்த, கரிமக் கறை படிந்த உப்பு என்றால் வாங்குவார் இல்லை. ஐதராபாத் பகுதி ஆலைகள் அதைத் துண்டிகலில் உள்ள அபாயக் கழிவு நிலையத்துக்குக் கட்டணம் செலுத்தி அனுப்புகின்றன. அங்கே அது பாதுகாப்பான குழிகளில் புதைக்கப்படுகிறது.

திருப்பூரில் உப்பு திரும்பி வந்தது

உப்பு ஒரு சுமையாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நொய்யலின் கதை தெரிந்ததே. திருப்பூர்ச் சாய ஆலைகளின் கழிவு ஆற்றில் சென்று, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயநீர்த் தேக்கமாக்கியது. ஆயக்கட்டு உழவர்கள் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. வேலைகள் நின்றன, பின்னலாடை ஏற்றுமதி தள்ளாடியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பூஜ்ஜிய வெளியேற்றத்தை எட்டுவதற்கென மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் வழங்கியது.

திருப்பூருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. பட்டான்செருவுக்கு அது இல்லை. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு, சாயத்தொட்டியில் லிட்டருக்குப் பல பத்துக் கிராம் உப்பு இட வேண்டும். அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீரில் வந்துவிடுகிறது. ஊரில் உள்ள எல்லாச் சாய ஆலைகளும் பயன்படுத்துவது சோடியம் சல்பேட் அல்லது சாதாரண உப்பு, இரண்டே வகை. ஆகவே ஆர்.ஓ.வில் எஞ்சும் செறிந்த உப்புநீரிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டால், அந்த உப்புநீரையே சாயத்தொட்டிக்குத் திருப்பி அனுப்பலாம். தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம் அருள்புரம் பொது நிலையத்தில் இம்முறையைச் செயல்படுத்திக் காட்டியது. திருப்பி அனுப்பிய அளவுக்கு நீரை ஆவியாக்கும் வேலையும் மிஞ்சியது. ஆலைகள் வாங்கும் உப்பும் குறைந்தது. இங்கேயும் பல ஆலைகளின் கழிவு கலக்கத்தான் செய்கிறது. கலப்பவை ஒரே இனம் என்பதால் பொது நிலையம் மீட்பு நிலையமாகவும் விளங்க முடிந்தது.

வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் இதையே இன்னும் சிறிய அளவில் காட்டுகின்றன. பதனிடும் தொட்டியில் இடும் குரோமியத்தில் 60 முதல் 70 சதவீதம் மட்டுமே தோலில் ஏறும். எஞ்சிய திரவத்தை மற்றக் கழிவோடு சேர்க்காமல் தனியே எடுத்து, மக்னீசியம் ஆக்சைடு இட்டால் குரோமியம் வீழ்படிவாக இறங்கும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிடும் உப்பு. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பரவச் செய்த இம்முறைக்குப் பெரிய இயந்திரங்கள் எவையும் வேண்டுவதில்லை. ஒரு தனி வாய்க்காலும் சில தொட்டிகளும் போதும். அதே குரோமியம் பொதுச் சாக்கடையில் சேர்ந்தபின் சேற்றோடு கலந்து, புதைக்க இடம் தேடும் அபாயக் கழிவாகிவிடும்.

நகரச் சாக்கடை நீர் இவ்வகையில் ஆலைக் கழிவைவிட நல்லது; அதன் தன்மை நாளுக்கு நாள் பெரிதும் மாறுவதில்லை. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் தொடங்கிய, தலா 45 மில்லியன் லிட்டர் திறனுள்ள நிலையங்கள், சாக்கடை நீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்து மணலி, ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகின்றன.

கடனுக்கு முன் ஒரு வரைபடம்

மறுசுழற்சி அமைப்புக்குக் கடன் கோரும் தொழில்முனைவோர் பெரும்பாலும் இயந்திரங்களின் விலைப்பட்டியலோடு வங்கிக்கு வருகிறார்கள். அதற்கு முன்னதாக ஒரே ஒரு தாளில், ஆலைக்குள் எந்தக் குழாயில் எவ்வளவு நீர், எந்தக் கரைப்பான், எவ்வளவு உப்பு ஓடுகிறது என்று வரைந்து பார்ப்பது நலம். பல ஆலைகளில் அப்படி ஒரு தாளே இராது. அதை வரைந்தபின் வாங்க எண்ணிய ஆவியாக்கியின் அளவு குறைந்தாலும் வியப்பதற்கில்லை. திட்ட அறிக்கையில் இயந்திர விலையைவிட உற்றுநோக்க வேண்டியது நீராவிச் செலவு; அடுத்து, இறுதியில் வரும் உப்பு எங்கே போகும், அதற்கு யார் எவ்வளவு கட்டணம் செலுத்துவது என்பது. மீட்ட கரைப்பானின் மதிப்பை வருமானமாகக் காட்டும்போது, அது எந்த வினைப்படிக்குத் திரும்புகிறது, தரச் சோதனை எங்கே நடக்கிறது என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

விதிமுறைகளும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஆன்டிபயாடிக் எச்சங்களுக்கு வரம்பு விதிக்கும் வரைவை மத்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021இல் வந்த இறுதி அறிவிக்கையில் அவ்வரம்புகள் இடம்பெறவில்லை. ஆனால் 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கென வழிகாட்டுதலை வெளியிட்டுள்ளது. வெளிநாட்டுக் கொள்முதலாளர்கள் அதைக் கையிலேந்தி வரும் நாள் தொலைவில் இல்லை என்றே தோன்றுகிறது. பத்தாண்டுக் கடனில் அமைக்கும் ஆலை, இன்றைய விதிக்கு மட்டும் போதுமானதாக இருந்தால் போதாது.

வைப்புத்தொகை வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கும் இதில் ஒரு பங்குண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்டு, அவ்வாண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பசுமை வைப்புத்தொகை நெறிமுறையின்படி, அவ்வகையில் திரட்டிய பணத்தைக் கடனாக வழங்கத்தக்க துறைகளுள் நீர் மற்றும் கழிவு மேலாண்மையும் ஒன்று. அப்பணம் எங்கே சென்றது என்பதைச் சார்பற்ற வெளியமைப்பு ஒன்று ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். எனவே அந்நிதியிலிருந்து கடன் பெற விரும்பும் ஆலை, எவ்வளவு நீர் மீண்டது, எவ்வளவு கரைப்பான் மீண்டது, எவ்வளவு உப்பு வெளியே சென்றது என்ற நாள்பதிவுகளைக் கடன் பெறும் நாளிலிருந்தே வைத்திருப்பது அவசியம்.